ஊசியக்கா எட்டு போட்டது

நாற்பத்தேழாவது வயதில் நீ மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுவாய் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஊசியக்கா சிரித்திருப்பாள். அதுவும் தெம்பு இருக்கிற நாளாக இருந்தால்தான்.

வேலையால் வந்த பெயர் அது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருடமாக இருந்தாள். காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பி வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள் என்று பதினோரு பேரிடம் ரத்தம் எடுப்பாள். ஒன்பதரைக்குள் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும். நிலையத்து வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும், அடுத்த முனையில் ஏற்றிக்கொள்ளும். நடுவில் உள்ள மாடிப்படிகள் எல்லாம் அவள் கால்களின் கணக்கு. மதியத்துக்கு மேல் நிலையத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாள். சாயங்காலம் வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றக்கூடக் குனியத் தோன்றாது.

அவள் கணவரை எல்லோரும் டிரைவர் என்றார்கள். நகரப் பேருந்தை இருபத்து நான்கு வருடம் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் கூடி, பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கண் பரிசோதனையில் உரிமத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஒருநாள் வந்து சொன்னார். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் காய்கறிக் கடையில், மாடிப்படியில், மருந்துக் கடையில் எல்லாம் அவர் டிரைவர்தான். அவருடைய மோட்டார் சைக்கிள் கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உறை போட்டு நின்றது.

ஒரு மாத ஆரம்பத்தில் பரிசோதனை நிலைய மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"அடுத்த மாசக் கடைசியோட வேன் நிக்குது. டூவீலர் ஓட்டுறவங்க வீட்டு ரவுண்டு போகலாம். லைசென்ஸ், இன்சூரன்ஸ் ரெண்டும் என் மேஜைக்கு வந்துரணும். மத்தவங்க கீழ கழுவுற ரூமுக்கு வந்துருங்க. யாரையும் வீட்டுக்கு அனுப்பல, சரியா?"

கழுவுற ரூம் நிலவறையில் இருந்தது. பிளீச்சிங் நெடி. காலை முதல் மாலை வரை ஈரத் தரையில் நின்றபடி கண்ணாடிச் சாமான்கள் கழுவ வேண்டும். அங்கே இருந்த இரண்டு பெண்களுக்கும் விரல் நுனி தோல் உரிந்து வெளுத்திருக்கும். ஊசியக்காவின் கால் நரம்புகள் ஏற்கெனவே முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. அங்கே போய் ஒரு வருடம் தாங்குவோமா என்று அவள் யோசித்தாள். தாங்கமாட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது டிரைவர் அவளுடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட்டதிலிருந்து வீட்டு வேலை பெரும்பாலும் அவர் கையில்தான்.

"நம்ம வண்டியையே எடுத்துக்கலாம்னு பாக்குறேன்," என்றாள். "புதுசா ஒண்ணு வாங்க வழியில்ல."

"அது உனக்கு கனம்."

"தெனமும் நோயாளிங்கள தூக்கி உக்கார வைக்கிறேன். அத விடவா?"

"நோயாளி ஓடுற ஓட்டத்துல சாயமாட்டான்," என்று சொல்லிவிட்டு அவர் காலரைத் திருப்பிப் போட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் வேறு நகரத்தில் வேலை பார்த்தாள். விண்ணப்பம் நிரப்புவதெல்லாம் அவள்தான். போனை ஒரு தோளில் இடுக்கிக்கொண்டு வரி வரியாகக் கேட்டாள்.

"உன் ரத்த வகை என்னம்மா?"

ஊசியக்கா யோசித்தாள். ஊரார் ரத்தமெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகிறது. எந்தத் தெருவில் யாருக்கு என்ன வகை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தன்னுடையது சட்டென்று வாயில் வரவில்லை.

"இரு, உன்னப் பெத்தப்ப எழுதின சீட்டு எங்கயோ இருக்கு," என்றாள்.

"அம்மா!" என்று மகள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு கழிந்தது. ஒரு ஜன்னலில் சீட்டு, இன்னொரு ஜன்னலில் முத்திரை, மூன்றாவது ஜன்னலில் ஆள் இல்லை. கண் பரிசோதிக்கும் மருத்துவர் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். பிறகு அவளை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் விரலை நீட்டி ஆட்டினார்.

"ஆடுதா?"

"ஆடுது."

"இப்ப?"

"இல்ல."

"அந்தப் பக்கம்?"

"ஆடுது."

முடிந்தது. தன் வீட்டுக்காரரை மடக்கிய பரிசோதனை இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாலைக் குறிகள் பற்றிய எழுத்துத் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு. பழகுநர் உரிமம் கைக்கு வந்தது. புகைப்படத்தில் இருந்தவள் இரண்டு நாள் தூங்காதவள் போல இருந்தாள். பொய்யில்லை.

பயிற்சிப் பள்ளியின் மைதானம் ஒரு மூடிய கிடங்குக்குப் பின்னால் இருந்தது. வெடிப்பு விட்ட தார்த்தரை, சிவப்புக் கோன்கள், தேய்ந்துபோன சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பெரிய எட்டு. பயிற்சி கொடுத்தவள் முப்பதைத் தொடாத பெண். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும், அதனால் பெயரும் விசில். காலை முதல் கத்திக் கத்தி அவள் குரல் கட்டிப்போயிருக்கும். பாதி வார்த்தைகளை வாயால் சொல்வாள், மீதியை விசிலால் முடிப்பாள்.

"கிளட்ச்ச மெதுவா விடுங்கக்கா. மெதுவா. இன்னும் மெது..."

வண்டி துள்ளி நின்றது. விசில்.

நான்கு நாளில் நேர்க்கோட்டில் போக வந்தது. கியர் மாற்ற வந்தது. எட்டுதான் வரவில்லை. கால் தரையில் படாமல், கோட்டைத் தாண்டாமல், கோனைத் தட்டாமல் இரண்டு வளையத்தையும் சுற்றி வர வேண்டும். வண்டி திரும்பத் தொடங்கியதும் அவள் கண் தானாக முன்சக்கரத்துக்குப் போய்விடும். கண் போனால் தலை போகும், தலை போனால் வண்டி சாயும், உடனே இடது கால் தரைக்கு வந்துவிடும்.

"கீழ பாக்காதீங்கக்கா! கீழ பாத்தா கீழதான் போவீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க."

சொல்வது எளிது. பத்தொன்பது வருடமாக ஊசி முனையை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. கைக்குக் கீழே இருப்பதை விட்டுக் கண்ணை எடுத்தால் அவள் தொழிலில் குத்து தவறும். இங்கே எடுக்காவிட்டால் தவறியது.

அவளோடு வண்டி பழகிய ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருந்தார். ஆள் பெரிய உருவம். வண்டியில் ஏறினால் வண்டி கண்ணுக்கே தெரியாது. அவர் மூன்றாம் நாளே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு எட்டு போட்டார்.

"எப்படிண்ணே?" என்று கேட்டாள்.

"எனக்கு குனிஞ்சா என் வயிறுதானம்மா தெரியும். அதான் குனியறதே இல்ல," என்றார்.

முதல் தேர்வில் இரண்டாவது வளையத்தில் கால் ஊன்றினாள். ஆய்வாளர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கால் பட்டுருச்சு. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் கால் ஊன்றவில்லை. ஊன்றக்கூடாது ஊன்றக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் நின்று, வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். கிளட்ச் பிடி வளைந்தது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போனது. இரண்டு பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். அவளைத் தூக்க யாரும் வரவில்லை, அவளாகவே எழுந்தாள். ஆய்வாளர் இந்தத் தடவை தலையைத் தூக்கினார்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்ல சார்."

"அடுத்த வாரம் வாங்க."

மறுநாள் காலை சுற்றில் ஒரு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வீடு. சிறுநீரகக் கோளாறு. இரண்டு கையிலும் குத்தாத இடமில்லை. மற்றவர்கள் போனால் நாலு இடத்தில் குத்திவிட்டுக் கையைப் பிசைவார்கள், ஊசியக்கா போனால் ஒரே குத்து. அதனால் அவர் வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. அன்றைக்கு ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவி, நரம்பைப் பிடித்து, ஊசியைச் செலுத்தினாள். ரத்தம் வரவில்லை. இழுத்து இன்னொரு இடத்தில் செலுத்தினாள். அங்கேயும் வரவில்லை. தொடை வலியில் குனிந்து உட்கார முடியாமல் கை ஒரு நூலளவு தவறியது.

வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்கு விடை வரலியா?"

"மன்னிச்சுருங்க சார்."

"பரவால்ல. வழியில எங்கயோ தப்பு. திருப்பிப் போடு."

மூன்றாவது குத்தில் வந்தது. அவர் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் பெட்டி மடியில். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பையை நாற்காலியில் போட்டாள்.

"போதுங்க. நான் கழுவுற ரூமுக்கே போயிடுறேன். என்னால ஆகாது."

டிரைவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். பிறகு தானும் உட்கார்ந்தார். அவள் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ விழுந்தேன்னு கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்தாள்.

"இத்தோட விட்டுருவேல்ல, அதான். நீ ரோட்டுக்கு வரக்கூடாதுன்னு இருந்தேன். ரோட்டுல என்னை மாதிரி ஆளுங்களும் ஓட்டுறாங்க."

"என்ன சொல்றீங்க?"

"என் லைசென்ஸ யாரும் எடுக்கல. நானே கொடுத்துட்டு வந்தேன்."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"கண் டெஸ்ட்ல டாக்டர் காதுகிட்ட விரல ஆட்டுவாரில்ல? எனக்கு விரல் தெரியாது. ஆட்டும்போது அவர் சட்டைக்கை உரசுற சத்தம் கேக்கும். அத வச்சு 'ஆடுது, ஆடல'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவ அப்படித்தான் பாஸ் பண்ணேன். ஓட்டுற வேலையத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?" அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கு ஒரு ஸ்டாப்ல வண்டிய எடுக்குறேன். கண்டக்டர் பஸ்ஸோட தகரத்தப் போட்டு அடிக்கிறான். நிறுத்துனேன். இடது பக்கமா ஒரு சின்னப் பொண்ணு வந்துருக்கு. பஸ்ஸ ஒட்டி வந்துருக்கு. எனக்குத் தெரியவே இல்ல."

"பொண்ணுக்கு?"

"ஒண்ணும் ஆகல. கீழ விழுந்துருச்சு. பைதான் சக்கரத்துக்கு அடியில. எடுத்துக் கொடுத்தேன். உள்ள இருந்த சாப்பாட்டு டப்பா தட்டு மாதிரி ஆயிருந்துச்சு. அந்தப் பொண்ணு என்னப் பாத்து 'தேங்க்ஸ் அங்கிள்'ங்குது."

அடுத்த வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"டெப்போல வண்டிய விட்டுட்டு, சாவியக் கொடுத்துட்டு, எழுதியும் கொடுத்துட்டேன். உங்கிட்ட மட்டும் அவங்க எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். எட்டு மாசம் கண்ணு தெரியாம அத்தன பேர ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். அத எப்படிச் சொல்றது?"

ஊசியக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த எட்டு மாதத்தில் பல நாள் அவளும் அதே பேருந்தில் போயிருக்கிறாள். கோபத்துக்குப் பதிலாக ஒரு பெரிய அசதிதான் வந்தது, அவருடைய ஒன்றரை வருட அசதியும் சேர்ந்து தன் தோளில் ஏறினாற்போல. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடை வலித்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது. அவர் தோள் தாங்கிக்கொண்டது.

"இத்தன நாள் தனியாவா வச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில் அவர்தான் கேட்டார்: "எட்டுல எங்க கால் ஊனுற?"

"ரெண்டாவது வளையத்துல."

"நாளைக்கு எத்தன மணிக்கு மைதானம்?"

மறுநாள் சாயங்காலம் அவரும் கூட வந்தார். விசில் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் எட்டின் அந்தக் கோடியில், வளையம் திரும்பி வெளியே வரும் இடத்தில், தானே போய் நின்றுகொண்டார்.

"சக்கரத்தப் பாக்காத. என்னப் பாரு. நான் எங்க இருக்கேன்னு பாத்துக்கிட்டே வா."

"மோதிட்டேன்னா?"

"மோது. பஸ்ஸா ஓட்டுற?"

அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நரைத்த மீசை, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, அவள் எங்கே வருகிறாள் என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும் கண்கள். வண்டி தானாக வளைந்தது. அவரைத் தாண்டிப் போன பிறகுதான் ஒரு வளையம் முடிந்துவிட்டது என்று உறைத்தது. அவள் இந்தக் கோடிக்கு வருவதற்குள் அவரும் இங்கே ஓடிவந்தார், ஒரு கோனில் தடுக்கி விழப்பார்த்து நின்றார். அவள் பயத்தில் பிரேக்கைப் பிடித்தாள்.

"நீ ஏன் நின்ன?" என்று கத்தினார்.

விசில் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "டிரைவர் சார், நாளைக்கும் வந்துருங்க. எங்களுக்கு ஒரு கோன் மிச்சம்."

நான்கு நாள் வந்தார். ஐந்தாம் நாள் மூன்றாவது தேர்வு. தேர்வுத் திடலுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அவர் வேலிக்கு அந்தப்புறம் நின்றார், அங்கிருந்து அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஊசியக்கா அன்று நான்கரைக்கே எழுந்து பதினோரு வீடும் முடித்துவிட்டு வந்திருந்தாள். பயப்படுவதற்கும் கொஞ்சம் சக்தி வேண்டும். அது அவளிடம் மிச்சமில்லை. வளையத்தின் கோடியில் ஆய்வாளர் நின்றிருந்தார். அவருடைய சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தானை வெறித்துப் பார்த்தபடி போனாள், திரும்பினாள், மறுபடி போனாள், வெளியே வந்தாள். கால் எங்கேயும் படவில்லை.

ஆய்வாளர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஏதாச்சும் ஒட்டியிருக்காம்மா?"

"இல்ல சார்."

"சரி, போங்க. பாஸ்."

வேலிக்குப் போய்ச் சொன்னதும் டிரைவர் "அப்படியா?" என்றார். பிறகு, "பசிக்குதா?" என்றார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அடுத்தது இன்சூரன்ஸ். வண்டி அவர் பெயரில் இருந்தது. அவள் பெயருக்கு மாற்றினால்தான் அவள் பெயரில் காப்பீடு கிடைக்கும். இருவரும் சேர்ந்து போனார்கள். சிறிய அறை, உறுமும் மின்விசிறி, மேஜைக்கு அந்தப்புறம் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு எழுத்தர். கேள்விகளை ராகம் போட்டு வாசித்தார்.

"தொழில் சம்பந்தமா ஓட்டுவீங்களா, சொந்த உபயோகமா?"

"வேலைக்குத்தான்."

"சரக்கு எதுவும் ஏத்துவீங்களா?"

ஊசியக்கா தயங்கினாள். "ரத்தம்," என்றாள்.

எழுத்தர் பேனாவை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். டிரைவர்தான் விளக்கிச் சொன்னார். "பரிசோதனைக்குத்தான் சார். சின்னச் சின்னக் குழாயில."

"அதுக்கு இதுல கட்டமே இல்லையே," என்று எழுத்தர் முனகினார். "மருத்துவப் பொருள்னு போட்டுக்குறேன்." பிறகு அடுத்த கேள்வி. "உங்களத் தவிர வண்டிய வேற யாராச்சும் ஓட்டுவாங்களா? வீட்டுக்காரர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் டிரைவர், "இல்ல," என்றார்.

"சார் பேரையும் சேத்துக்கிட்டா நல்லதுங்க. பாருங்க, உங்க பேர்ல பதினாறு வருஷமா ஒரு விபத்துகூட இல்ல. நல்ல சலுகை கிடைக்கும்."

"அந்தச் சலுகைய இவங்க பேருக்கு மாத்த முடியாதா?"

"அது ஆளுக்குங்க, வண்டிக்கில்ல. நீங்க ஓட்டலன்னா அது போயிடும். இவங்க புதுசு, மொதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

டிரைவர் "போகட்டும்," என்றார். "எனக்குக் கண் பிரச்சினை. நான் ஓட்டக்கூடாது. அப்படியே எழுதிக்குங்க."

எழுத்தர் ஒரு தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். டிரைவருக்கு இடது ஓரத்தில் இருந்த கோடு தெரியவில்லை. விரலால் தாளைத் தடவித் தேடினார். ஊசியக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். நரம்பு தேடுகிற அதே பிடிதான், மெதுவாக. அவர் கையெழுத்துப் போட்டார். பேருந்து வருகைப் பதிவேட்டில் போடும் அதே கோணல் கையெழுத்து.

வெளியே வந்ததும், "பதினாறு வருஷம்," என்றார். "பாத்தியா, பேப்பர்ல நான் எவ்வளவு நல்லவன்."

அவள் ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு இரண்டு காகிதமும் மேலாளர் மேஜைக்குப் போயின. வேன் நின்றது. ஊசியக்கா ஐஸ் பெட்டியைப் பின்னிருக்கையில் வார் போட்டுக் கட்டிக்கொண்டு சுற்றுக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் நாற்பது நிமிடம் மிச்சமானது. அந்த நாற்பது நிமிடத்தை என்ன செய்யலாம் என்று அவளும் கொஞ்சம் கனவு கண்டாள். அரைமணி அதிகம் தூங்கலாம், உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். இரண்டாவது வாரம் மேலாளர் பட்டியலை நீட்டினார். பதினோரு வீடு பதினாறாகியிருந்தது.

"அதான் வண்டி இருக்கேக்கா," என்றார்.

மழைநாளில் ஒருமுறை சேற்றில் சறுக்கினாள். பெட்டி தப்பியது, முழங்கை சிராய்த்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி டிரைவர் கோட்டைத் துவைக்க எடுத்தபோது கிழிசலைத் தடவிக் கண்டுபிடித்தார். காலையில் பார்த்தால் கிழிசல் தைக்கப்பட்டிருந்தது, பார்வை மங்கிய மனிதர் போட்ட தையல், மூன்று இடத்தில் நூல் துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதையே போட்டுக்கொண்டு போனாள்.

கண் மருத்துவமனைக்கு வழக்கமாக அவர் இரண்டு பேருந்து மாறிப் போவார். அந்த முறை அவள் அழைத்துப் போனாள். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் வலது கால் வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் "கியரக் குறை" என்று காதுக்குள் சத்தம். நாலு திருப்பம் பொறுத்தாள்.

"நீங்க பேசாம வந்தா நான் குறைப்பேன்."

"நான் பேசவே இல்லையே."

மருத்துவர் சொட்டுமருந்து போட்டுப் பார்த்தார். அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இப்படியே இருந்தால் நல்லதுதான் என்றார். அதை நல்ல சேதியாகவே வைத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். மருந்தால் அவர் கண்மணி விரிந்திருந்தது, வெளிச்சம் குத்தியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். பெரிய சாலையைத் தாண்டியதும் காதுக்குள் சத்தம் நின்றுபோனது. கொஞ்ச தூரத்தில் அவர் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் இடித்தது. மறுபடி இடித்தது. அவர் பாரம் முழுக்க அவள் முதுகில் இறங்கியது.

அவள் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினாள்.

"ஏங்க, தூங்காதீங்க. விழுந்துருவீங்க."

"தூங்கல. கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்."

"மூடாதீங்க."

"தெறந்தா மட்டும் என்னத்தப் பாத்துரப் போறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இருவருக்கும் அதற்கு மேல் சிரிக்கத் தெம்பில்லை. அவர் கைகளை முன்னால் இழுத்துத் தன் வயிற்றைச் சுற்றிக் கோத்துவிட்டாள். வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பி இடது பக்கமும் பார்த்தாள். யாரும் வரவில்லை. வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் வந்த ஒருவன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று அவள் ஓரமாகவே, மெதுவாகவே, வீடு வரை போனாள்.